கழுவிய முடியும் கை மறக்காத வளைவும்: ஒரு நினைவுப் பொருள் உருவான விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

14 ஆண்டுகள் தங்களோடு வாழ்ந்த நாயை இழந்த ஒரு குடும்பத்துக்காக நான் ஏற்றுக்கொண்ட வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி, அவருடைய கணவர், 9 வயது மகள் என மூவர் கொண்ட குடும்பம் அது. அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன்; அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன். நாயின் பெயரையும் எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் அதை ‘அவன்’ என்றே சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் தொழில் ஃபெல்டிங். உடம்பில் நுண்ணிய வெட்டுகள் உள்ள ஊசியால் நாரை விடாமல் குத்தும்போது, அந்த வெட்டுகள் மேலே உள்ள இழைகளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுத் தாம் வெறுமனே வெளியே வரும். ஆயிரக்கணக்கான குத்துகளுக்குப் பிறகு, பஞ்சாகக் கிடந்தது இறுகி உருவம் பெறும். செம்மறிக் கம்பளியின் இழையில் செதில்கள் நன்றாக எழும்பியிருப்பதால் அது எளிதில் பின்னிக்கொள்ளும். நாய் முடிக்கு அந்தப் பிடிப்புக் குறைவு. அதிலும் மேலே நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கும் முடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்கு அடியில் மெத்தென்று இருக்கும் உள்முடிதான் பயன்படும், அதையும் கம்பளியோடு கலந்தே எடுக்க வேண்டும். ஒருமுறை இறுகிவிட்ட நாரிலிருந்து முடியை மட்டும் பிரித்தெடுப்பது நடக்காத காரியம். இந்த நிகழ்வில் நான் செய்த பிழைகள் இரண்டும் திரும்ப முடியாத இத்தகைய வேலைகளில் நிகழ்ந்தவை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

சிறுநீரகம் செயலிழந்து மூன்று மாதங்கள் மருந்திலும் ஊசியிலும் கழிந்த பின்னர், கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து கருணைக்கொலை செய்தார். பெண்மணி என்னிடம் வந்தது அதற்கு ஆறாம் நாள்.

முதல் சந்திப்பில் கண்டவை

கையில் ஒரு காகிதப் பை வைத்திருந்தார். பல ஆண்டுகளாகப் பிரஷ்ஷில் சிக்கிய முடியை ஏதோ ஒரு காரணத்துக்காக எறியாமல் சேர்த்துவைத்திருந்தார். எதற்கென்று தமக்கே தெரியாது என்றார். எடைபோட்டபோது 31 கிராம் இருந்தது. போனில் 200க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. உட்கார்ந்த நிலையில் 12 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. “முகம் மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு” என்று இரண்டு முறை சொன்னார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பையின் வாயை மடித்துப் பிடித்தபடியே இருந்தார். எடைபோடக் கேட்டபோது மட்டும் கொடுத்தார், கொடுப்பதற்கு முன் ஒருமுறை முகத்தருகே கொண்டுபோனார். அதைப் பார்த்தேன், ஆனால் அதில் எனக்குத் தேவையான தகவல் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அவர் சொன்ன இன்னும் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, அலுவலகத்தில் விடுப்புக் கேட்டபோது உடல்நலம் சரியில்லை என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்; நாய் இறந்தது என்று எழுதக் கூச்சமாக இருந்ததாம். இன்னொன்று, கணவர் இந்த ஏற்பாட்டை விரும்பவில்லை. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் ‘அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம்’ என்ற கருத்தை விளக்கி எழுதினார்: வெளிப்படையாக அழவோ ஆறுதல் பெறவோ சமூகம் இடம் தராத இழப்புகளைப் பற்றியது அது. செல்லப்பிராணியை இழந்து என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர், வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். இவரும் கேட்டார்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

உருவத்தைச் செய்ய ஒப்புக்கொண்டேன். பொருள் போதுமான அளவு இருந்தது, படங்கள் தெளிவாக இருந்தன, கேட்டவர் தமக்கு வேண்டியது என்னவென்று தெளிவாகச் சொன்னார். இவை நான் அன்று எழுதிவைத்த காரணங்கள். எழுதாத காரணமும் ஒன்று உண்டு: கழுத்தில் செம்பழுப்பும் வெள்ளையும் கலந்து இறங்கிய அந்த நிறம் கைவேலை செய்பவரைச் சுண்டியிழுக்கும் நிறம்; எனக்கு அதைச் செய்துபார்க்க ஆசை.

அஸ்தியில் ஒரு சிட்டிகையை, கண்ணாடிபோல் இறுகும் ரெசின் என்ற பிசினில் பதித்துக் கழுத்தில் அணியும் பதக்கமாகவும் செய்து தர முடியுமா என்று கேட்டார். அதை மட்டும் ஒத்திப்போட்டேன். எபாக்சி ரெசின் இறுகிய பின் உள்ளே இருப்பதை மீட்க முடியாது. வெயில் படப்பட மஞ்சளாகும் தன்மையும் அதற்கு உண்டு. அஸ்தியோ பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். ஈரம் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும், ஆறாம் நாளில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த நிகழ்வில் நான் சரியாக எடுத்த முதல் முடிவு இதுதான். இதே நிதானத்தை முடியின் விஷயத்திலும் காட்டியிருக்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு கரைத்து, தேய்க்காமல் அமிழ்த்தி, மூன்று முறை நீர் மாற்றி, நிழலில் வலைமேல் இரண்டு நாள் உலர்த்தினேன். தேய்த்தாலோ நீரின் சூடு திடீரென்று மாறினாலோ முடி அங்கேயே திரண்டுவிடக்கூடும் என்பதால் இந்தக் கவனம். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போய், விறைப்பான மேல்முடியையும் பொறுக்கித் தனியே எடுத்த பின் 24 கிராம் மிஞ்சியது. சுத்தமாகவும் மெத்தென்றும் இருந்தது. கையில் வந்த முடி முழுவதையும் ஒரே தடவையில் கழுவியிருந்தேன். பிழை என்று நான் எண்ணிப்பார்க்காத அளவுக்கு அது வழக்கமான வேலை.

மூன்றாம் வாரம்: வேலை நின்ற நாள்

தலை முடிந்ததும் பார்க்க வரும்படி அழைத்தேன். மகளும் உடன் வந்தாள். மேசைமேல் தலையும், பக்கத்தில் ஒரு தட்டில் மிச்சமிருந்த முடியும் இருந்தன. பெண்மணி முதலில் தலையைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். பிறகு இன்னொரு பிடி எடுத்தார். “இது அவனோட முடிதானா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இறந்தவரின் தலைமுடியைப் பின்னிப் பதக்கமும் வளையமும் செய்து அணியும் வழக்கம் பரவியிருந்தபோது, கடையில் கொடுத்த முடிக்குப் பதிலாக வேறு முடியை வைத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் மக்களுக்கு இருந்தது; பெண்கள் வீட்டிலேயே அந்தப் பின்னலைக் கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இவருடைய கேள்வியில் சந்தேகம் இல்லை. முடியில் இருந்த வாசம் போய்விட்டது, வாசம் இல்லாத முடியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பை இத்தனை நாள் அவருக்கு எதற்காக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சோப்புப் போட்டு நான் கழுவியெடுத்தது அதைத்தான்.

தலையைப் பார்த்து மகள் சொன்னது இரண்டாவது பாடம். “அவன் இப்படிப் பாக்க மாட்டான். போன் எடுத்தாத்தான் இப்படிப் பாப்பான்.” படங்களோடு ஒப்பிட்டால் அந்தத் தலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எல்லாப் படங்களும் பெயர் சொல்லி அழைத்து, தலையைத் திருப்பவைத்து எடுத்தவை. வீட்டில் அவன் தலையைத் தாழ்த்தி, ஓரக்கண்ணால் மேல்நோக்கிப் பார்ப்பவனாம். நான் செய்திருந்தது கேமராவுக்கு முன் நிற்கும் ஒரு நாய். நிறம் மட்டுமே அவனுடையது. பெண்மணி அதைக் கையில் எடுக்கவில்லை. போகும்போது அதைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த உருவ வேலையை அன்றே நிறுத்தினேன்.

அன்று மாலையே செய்தது ஒன்று உண்டு. போனில் அழைத்து, அவன் பிரஷ் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, அடுத்த நாள் கழுவிவைப்பதாக இருந்தாராம். கழுவ வேண்டாம் என்று சொல்லி, அதில் சிக்கியிருந்ததை எடுத்துவரச் செய்தேன். சுமார் 2 கிராம் கிடைத்தது. கழுவாத முடிக்கு ஆபத்து துணி அந்துப்பூச்சி: அதன் புழு, முடியில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்வது, அழுக்கும் பிசுக்கும் உள்ள இழை அதற்கு இன்னும் உகந்தது. எனவே காற்றுப் புகாத பையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டேன்; உடனே திறந்தால் குளிர்ந்த முடிமேல் ஈரம் படியும். பிறகு இறுக்கமான மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தேன். வாசம் நிலைக்காது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லியே கொடுத்தேன்.

இரண்டாம் திட்டம்

ஒரு மாதம் எதுவும் செய்யவில்லை. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார் என்று துக்கத்தை ஆராயும் உளவியலாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் எழுதினார்கள். முதல் வாரத்தில் வருபவர் பெரும்பாலும் அந்த ஊசலின் ஒரு கோடியில் இருக்கிறார். அங்கே நின்று அவர் கேட்பது பொருளை அல்ல, போனவன் திரும்பி வருவதை. அதைச் செய்து தர என் ஊசிக்குத் திறன் இல்லை. இதை அவரிடம் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. அடுத்த முறை படங்கள் இல்லாமல் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூவரும் வந்தார்கள். “வீட்டில் எந்த நேரத்தில், எந்த இடத்தில் அவன் இல்லாதது தெரிகிறது?” என்று கேட்டேன். பெண்மணி யோசிக்கவே இல்லை. இரவில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது இடது கை கீழே தொங்கும். அவன் வந்து தலையை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துக்கொள்வான். இப்போதும் கை தானாகவே இறங்குகிறது, எதுவும் வந்து சேர்வதில்லை. மகள் தன் காது மடலை இரண்டு விரலால் உருட்டிக் காட்டினாள்: தூங்கப்போகும் முன் அவன் காதை அப்படி உருட்டுவாளாம். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டையை அவர் காரில் வைத்திருக்கிறார் என்று மனைவி சொன்னபோது, அது மனைவிக்குத் தெரியும் என்பதை அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரு நாய் மூன்று பேருக்கு மூன்று இடங்களில் இல்லாமற் போயிருந்தது. மூவருக்கும் பொதுவாக ஒரு பொம்மையைச் செய்து அலமாரியில் வைப்பது யாருக்கும் உதவியிருக்காது என்ற முடிவுக்கு வந்தேன். பெண்மணிக்கு, நெற்றியிலிருந்து இரு காதுகளுக்கு நடுவே பின்னோக்கி ஓடும் அந்த வளைவை மட்டும் செய்வது. மகளுக்கு, விரலால் உருட்டத்தக்க மெல்லிய மடல் ஒன்றை அவளே செய்வது. கணவருக்கு, கேட்டால் தவிர எதுவும் செய்யாமல் இருப்பது.

நினைவுப் பொருள் துக்கத்தை உறையவைத்துவிடும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. மனநல மருத்துவர் வமிக் வோல்கன் 1972இல் ‘இணைப்புப் பொருள்’ பற்றி எழுதியது அந்த வகையில்தான்: இழப்பை முடித்துக்கொள்ள முடியாதவர் பற்றிக்கொள்ளும் பொருள் அது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும் வேறு கோணத்தை முன்வைத்தார்கள்: இறந்தவரோடு உறவு தொடர்வது நோயல்ல, பலருக்கு அது வாழ்க்கையின் இயல்பான பகுதி என்றார்கள். பெட்டிக்குள் ஒளித்து வைத்துப் பார்க்கவும் அஞ்சும் பொருள் ஒரு வகை. அன்றாடம் எடுத்து வைத்துப் பழகும் பொருள் வேறு வகை. தினமும் கை படும் பொருளாக, தேய்ந்துபோக அனுமதிக்கப்பட்ட பொருளாக இது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது இதனால்தான்.

செய்த விதம்

வளைவுக்கு அளவு வேண்டும். படத்திலிருந்து எடுக்க மனமில்லை. களிமண் உருண்டையை நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்து, அவருடைய இடது கை எந்த உயரத்தில் தொங்குமோ அந்த உயரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கைக்குச் சரியென்று படும்வரை அழுத்தச் சொன்னேன். முதல் இரண்டு முறை கலைத்துவிட்டார். மூன்றாம் முறை கட்டைவிரல் நடுவில் ஒரு பள்ளம் போட்டது. நெற்றி நடுவே ஓடும் அந்தப் பள்ளம் அவருடைய பேச்சில் ஒருமுறையும் வந்ததில்லை. கண்ணைத் திறந்து பார்த்து, “இவ்வளவு சின்னதா?” என்றார். 9 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம் இருந்தது.

அந்த வடிவத்தைப் பார்த்து உள்கூட்டைச் செம்மறிக் கம்பளியால் இறுக்கமாகச் செய்தேன். மேற்பரப்புக்கு அவனுடைய முடியும் கம்பளியும் சம அளவில் கலந்து, அதற்கு 6 கிராம் முடி எடுத்தேன். கடைசி அடுக்கை அவரே குத்தினார், ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு நாள். ஊசியைச் சாய்க்காமல் நேராக இறக்கி நேராக எடுக்க வேண்டும், சாய்த்தால் ஒடியும். முதல் நாளில் நான்கு ஊசிகள் ஒடிந்தன. தோல் விரலுறை போட்டும் ஒருமுறை குத்திக்கொண்டார். முடி தட்டிலிருந்து தம் கையாலேயே போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்தது, முன்பு கேட்ட கேள்விக்கு நான் வாயால் சொல்லியிருக்கக்கூடிய எந்தப் பதிலையும்விட நம்பத்தக்கதாக இருந்தது.

9 வயதுக் குழந்தையிடம் அந்த ஊசியைக் கொடுப்பதில்லை. மகள் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்துச் செய்யும் முறையில் 2 கிராம் முடியோடு கம்பளி சேர்த்து மடலைச் செய்தாள். இடையில், “இது செத்ததுக்கு அப்புறம் வெட்டினதா?” என்று கேட்டாள். இல்லை, அவன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அம்மா சீவியபோது உதிர்ந்தது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் கை முடிமேல் தயக்கமில்லாமல் போனது. யாரும் கேட்காமலேயே அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பின்னர் நடந்தவை

வளைவு, நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த உயரத்திலேயே ஒரு முக்காலிமேல் இருக்கிறது. முதல் சில வாரங்கள் ஒவ்வோர் இரவும் கை அங்கே போனதாகவும், பிறகு சில இரவுகளில் மறந்துபோனதாகவும், மறந்ததற்கு முதல் முறை குற்ற உணர்வு வந்ததாகவும் சொன்னார். மகளின் மடல் தலையணை உறைக்குள் இருந்தது. மூன்று மாதத்தில் தொலைந்தது. அவள் ஒருநாள் அழுதாள், புதிதாக ஒன்று கேட்கவில்லை.

பாதியில் நின்ற தலையில் 7 கிராம் முடி சிக்கியிருந்தது, மீட்க வழியில்லை. எறியவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம் என்றார் பெண்மணி. கண்ணாடிக் கண்களை மட்டும் கழற்றிவிட்டு என்னிடம் வைத்திருந்தேன். ஐந்தாம் மாதம் அவரே கேட்டு, கண்கள் இல்லாமலேயே வாங்கிப்போனார். எட்டாம் மாதம், குப்பியில் வாசம் மெலிந்துவிட்டது என்றார். ரெசின் பதக்கத்தைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை.

14 மாதங்களுக்குப் பின் வளைவைச் செப்பனிடக் கொண்டுவந்தார். உள்ளங்கை படும் இடத்தில் பிசிர் உருண்டு, கட்டைவிரல் பள்ளம் நான் செய்ததைவிட ஆழமாகியிருந்தது. பிசிரை மட்டும் கத்தரித்து, ஓரத்தில் மெலிந்த இடத்தில் 1 கிராம் முடி சேர்த்தேன். பள்ளத்தை நிரப்பவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மிச்சமுள்ள 8 கிராம் முடியை எடை எழுதிய உறையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கணவர் கழுத்துப் பட்டையைக் காரிலேயே வைத்திருக்கிறார். அவருக்கு நினைவுப் பொருள் தொடக்கத்திலிருந்தே இருந்தது; அதை யாரும் செய்து தர வேண்டியிருக்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

வந்த முடி முழுவதையும் இப்போது கழுவுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு கழுவாமல், ஃப்ரீசர் முறையில் பாதுகாத்து உரியவரிடமே திரும்பிப் போகிறது, ஒரு பங்கு செப்பனிடுவதற்காக ஒதுக்கப்படுகிறது, எஞ்சியதில்தான் வேலை. பொருள் சிறியதாக வருகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள், குறைப்படட்டும். முடி 10 கிராமுக்கும் குறைவாக இருந்தால் உருவ வேலையை ஏற்பதில்லை. உருவமே வேண்டும் என்பவர்களிடம், பெயர் சொல்லி அழைக்காமல் எடுத்த வீடியோ இருந்தால் அதைக் கேட்கிறேன். இல்லையென்றால் முகத்தைத் தாழ்த்தி, உறங்கும் நிலையில் செய்யலாமா என்று கேட்கிறேன். காத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே கெடு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை; ஆனால் திரும்ப முடியாத எந்த வேலையையும் முதல் சந்திப்பன்று தொடங்குவதில்லை.

இன்னும் ஒன்று. முதல் நாளிலேயே அந்தப் பெண்மணி, சரியாகத் தூங்கி ஆறு நாள் ஆகிறது என்று சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டதோடு சரி, அடுத்து முடியின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். அவர் தாமாகவே மருத்துவரைப் பார்த்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரியவந்தது. இப்போது அதைக் கேட்டுவிட்டுத்தான் அளவெடுக்கிறேன்.

முதல் சந்திப்பில் பையை நான் வாங்குவதும் இல்லை. கொண்டுவந்தவரே மேசைமேல் வைத்து, அவரே திறக்கிறார். திறந்ததும் அவர் முதலில் செய்வது பார்ப்பதா, தொடுவதா, முகர்வதா என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிக்கொள்கிறேன்.